தச்சர் மூக்கில் தங்கும் தூள்

இப்பக்கத்தில் நாம் சாதாரணமாக வரிகளைப் பற்றியும், சட்டங்களைப் பற்றியும், ஜனங்களின் உரிமைகளைப் பற்றியும் எழுதி வருவது வழக்கம். இன்று மூக்கைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறோம். நேயர்களில் சிலர் இதைக் கண்டு புன்னகை செய்யக் கூடும். மூக்கினுள்ளும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளுள்ளும் தோன்றும் புற்றுநோய் மிகவும் அபூர்வமானது. லக்ஷம் பேரில் ஒரு வருஷத்தில் ஒருவருக்கு வருவதே அதிகம். அத்தகைய வியாதியைப் பற்றி வைத்தியப் பத்திரிகைகள் எழுதட்டும், ராஜீயப் பத்திரிகைக்கு அதில் என்ன வேலை என்று கேட்பதற்கு இடமுண்டு. நமது விடை இதுதான்: வியாதி அபூர்வமானதேயாயினும், அது யாரை நாடி வருகிறது என்பதில் ஒரு நியாய விஷயம் அடங்கியிருக்கிறது. அந்த நியாயம் பொதுஜன விஷயமே.

நமது காரியாலயத்திலுள்ள புஸ்தக அலமாரிகளையெல்லாம் செய்து கொடுத்தவர் ஒரு முதிய ஆசாரியார். பதினான்காம் வயதில் இழைப்புளியைக் கையில் எடுத்தவர். நாற்பது வருஷங்களுக்கு மேலாகத் தேக்கிலும் தோதகத்தியிலும் உழைத்தவர். சில வருஷங்களுக்கு முன்பு அவருக்கு இடது மூக்கு அடைத்துக் கொண்டது. பீனிசம் என்றார்கள், ஆவி பிடித்தார். காலையில் முகம் கழுவும்போது இரண்டொரு துளி இரத்தம் வந்தது. உஷ்ணம் என்றார்கள்; எண்ணெய் ஸ்நானம் செய்தார். பிறகு ஒரு வைத்தியசாலையில் ஆறு மாத காலம் ஜலதோஷத்துக்கு மாத்திரைகளும் மூக்கிலிடும் மருந்தும் கொடுத்து வந்தார்கள். இடது கண்ணில் ஓயாமல் நீர் வடியத் தொடங்கியது. கண் சற்று வெளியே துருத்தியது. ஒரு விளக்கு இரண்டு விளக்காகத் தெரிந்தது. அதன் பின்னரே படம் பிடித்துப் பார்த்து, மூக்கின் மேற்புறத்து எலும்பறையில் புற்று வளர்ந்து கண் குழிக்குள் புகுந்து விட்டதென்று கண்டார்கள். முதல் அடைப்பிலிருந்து அந்த நாள் வரையில் பதினொரு மாதம் கழிந்திருந்தது. இதற்கிடையில் ஐந்து வைத்தியர்கள் அவரைப் பரிசோதித்திருந்தார்கள். அவர்களில் ஒருவராவது, "நீர் செய்யும் தொழில் யாது?" என்று கேட்டதாக அவருக்கு ஞாபகமில்லை.

வைத்தியர்களைக் குற்றஞ் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சாதாரண வைத்தியர் தம் ஆயுளில் இந்த வியாதியை ஒருமுறை காண்பதே அரிது. மூக்கடைப்பையோ நாள்தோறும் காண்கிறார். நூறு பேருக்குச் சரியாக இருக்கும் சிகிச்சையை நூற்றோராவது மனிதருக்கும் கொடுப்பது மனித இயல்பு. ஆயினும் அந்த நூற்றோராவது மனிதரைப் பிரித்தறியும் அடையாளங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது அவர் செய்யும் தொழிலாகும். அதை உலகம் எவ்வாறு அறிந்தது என்பதே இன்று நாம் சொல்ல விரும்பும் கதை.

வியாதி குடியிருக்கும் இடம்

முகத்தின் எலும்புகள் முழுதும் திண்மையானவை அல்ல. மூக்கின் இரு புறமும் நான்கு ஜோடி வெற்றறைகள் உள்ளன. கன்னங்களுக்குள் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரு கண்களுக்கும் நடுவே தேனடை போன்ற சிற்றறைகள் கொண்ட ஒரு ஜோடி, அதற்கும் பின்னால் மண்டையின் அடித்தளத்தில் ஒரு ஜோடி. இவற்றையே இக்காலத்தில் ஜனங்கள் 'ஸைனஸ்' என்று சொல்லுகிறார்கள். கன்னத்தறையை 1651 ஆம் வருஷத்தில் நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே அது நெடுநாள் வழங்கி வந்தது.

இவ்வறைகளின் அண்டை வீட்டார் யாரென்று பார்த்தால் வியாதியின் கொடுமை விளங்கும். மேலே காகிதம் போன்ற மெல்லிய எலும்புக்கு அப்பால் மூளை. பக்கத்தில் அதே போன்ற மெல்லிய எலும்புக்கு அப்பால் கண். கீழே மேல்வரிசைப் பற்களின் வேர்கள். அறைகளோ காலியாக இருப்பவை. ஆகையால் உள்ளே தோன்றும் கட்டி நெடுங்காலம் எவரையும் வருத்தாமல் இடம் நிரம்பும் வரையில் வளருகிறது. வலி உண்டாகும்போது அது சுவரைத் துளைத்தாகி விட்டது. நோயாளிகளில் பெரும்பாலோர் முற்றிய நிலையில் வைத்தியரிடம் வருவதற்குக் காரணம் அவர்களுடைய அசிரத்தை மாத்திரமன்று. இந்த இடத்தின் அமைப்பும் ஒரு காரணமாகும்.

ஆனாலும் சுவடே இல்லாமல் வருவதில்லை. ஒரு பக்கத்து மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைபட்டிருத்தல். அதே பக்கத்தில் இரத்தம் கலந்த சளி. கன்னத்தில் மரத்துப் போன உணர்ச்சி. மேற்பற்கள் காரணமின்றி ஆடுதல், அல்லது கட்டுப்பல் திடீரெனப் பொருந்தாமற் போதல். அண்ணத்திலோ கன்னத்திலோ வீக்கம். ஒரு கண்ணில் நீர் வடிதல், கண் பிதுங்குதல், இரட்டைப் பார்வை. இவற்றில் 'ஒரு பக்கம்' என்பதை நேயர்கள் நன்றாக ஞாபகத்தில் வைக்க வேண்டும். ஜலதோஷமும் ஒவ்வாமையும் சாதாரணமாக இரு மூக்கையும் பற்றும். ஒரே பக்கத்தைப் பற்றி மூன்று நான்கு வாரம் விடாமலிருக்கும் அடைப்பு, இரத்தத்தோடு வருமாயின், அதை ஆவி பிடித்துத் தீர்த்து விடலாமென்று இருப்பது தகாது.

ஹை விக்கம் நகரத்துச் செய்தி

இங்கிலாந்து தேசத்தில், லண்டனுக்கு வடமேற்கே, சில்டெர்ன் குன்றுகளிடையில் ஹை விக்கம் என்றொரு நகரமுண்டு. சுற்றிலும் 'பீச்' மரக் காடுகள். அந்த மரத்தைக் கொண்டு நாற்காலி செய்வதே பல தலைமுறைகளாக அவ்வூரார் தொழில். 'விண்ட்ஸர்' நாற்காலி என்று பெயர் பெற்றவை பெரும்பாலும் அங்கிருந்து வந்தவையே. கைத்தொழிலாக இருந்த காலம் போய், யந்திர ரம்பங்களும் கடைசல் யந்திரங்களும் உப்புத்தாள் யந்திரங்களும் வந்தபோது பட்டறைகளில் நுண்ணிய தூள் புகைபோல் நிறைந்தது.

1960 ஆம் வருஷத்தையொட்டிய காலத்தில் அந்நகரத்தில் காது மூக்குத் தொண்டை வைத்தியம் செய்து வந்தவர் எஸ்மி ஹாட்பீல்ட் என்னும் அம்மையார். வருஷக்கணக்கில் ஒரு வைத்தியர் காணாத மூக்கறைப் புற்றை அவர் தம் சிறிய ஊரில் மீண்டும் மீண்டும் கண்டார். அதிலும் அவர் கண்டவை பெரும்பாலும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. இவ்வறைகளில் வரும் புற்றுகளில் மிகுதியானது மேல்தோலைப் போன்ற அணுக்களிலிருந்து வருவது. இங்கேயோ சுரப்பி அணுக்களிலிருந்து வரும் 'அடினோகார்ஸினோமா' என்பதே திரும்பத் திரும்ப வந்தது. அவர் அந்த நோயாளிகள் செய்த தொழிலை விசாரித்தார். பெரும்பாலோர் நாற்காலி மேஜை செய்பவர்கள்.

ஒரு வைத்தியருக்கு ஏற்பட்ட ஐயம் சாஸ்திரமாகி விடாது. நாற்காலி செய்யும் ஊரில் நோயாளிகளும் நாற்காலி செய்பவர்களாக இருப்பதில் வியப்பென்ன என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கணக்கால் விடை சொன்னவர்கள் ஆக்ஸ்போர்டிலிருந்த மாக்பெத் என்னும் வைத்தியரும், டொனால்ட் ஆச்சஸன் என்னும் நோய்க் கணக்கு நிபுணரும் ஆவர். மாக்பெத் 1965 இல் இந்தச் சம்பந்தத்தை எழுதி வெளியிட்டார். 1968 இல் ஆச்சஸனும் ஹாட்பீல்ட் அம்மையாரும் மற்றவர்களும் சேர்ந்து பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் என்னும் இதழில் தங்கள் ஆராய்ச்சியைப் பிரசுரித்தார்கள். அந்தப் பிரதேசத்துத் தச்சர்களிடத்தில் இந்த ஒரு ஜாதிப் புற்று மற்ற ஜனங்களைக் காட்டிலும் பல நூறு மடங்கு மிகுந்திருந்தது. முதல் முதலாகத் தூளில் நின்ற நாளுக்கும் வியாதி வெளிப்பட்ட நாளுக்கும் இடையே சராசரி நாற்பது வருஷம் வரை கழிந்திருந்தது. புகையிலையைக் கொண்டு இதை விளக்க முடியவில்லை. குற்றவாளி மரத்தூளேயென்று தீர்ப்பாயிற்று.

இதன் பிறகு காரியங்கள் விரைவாக நடந்தன. 1969 இல் பிரிட்டிஷ் ஸர்க்கார் மரச்சாமான் தொழிலாளரின் இந்த வியாதியைத் தொழில் வியாதிகளின் அட்டவணையில் சேர்த்தனர். அட்டவணையில் ஏறிய வியாதிக்கு முதலாளியின் அஜாக்கிரதையை ருசுப்படுத்த வேண்டிய சுமை தொழிலாளிக்கு இல்லை. இன்ன தொழிலை இவர் செய்தார் என்பதைக் காட்டினால் ஸர்க்கார் உபகாரத்தொகைக்கு உரியவராகிறார். 1970 இல் நார்தாம்ப்டன்ஷையர் பிரதேசத்துச் செருப்புத் தொழிலாளரிடமும் இதே போன்ற மிகுதி இருப்பதை ஆச்சஸன் குழுவினர் கண்டனர். அங்கே காரணம் தோல் தூள். மற்றத் தேசங்களிலும் இதே செய்தி கிடைத்தது. 1995 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மரத்தூளை மனிதருக்குப் புற்றுண்டாக்கும் வஸ்துக்களின் முதல் வகுப்பில் வைத்தது. 'பீச்', 'ஓக்' போன்ற வன்மரங்களின் தூளைப் பற்றியே பெரும்பாலான சாக்ஷியம் உள்ளதென்பதையும் சொல்லி விடுவது நியாயம்.

தூளைத் தடுத்தால் வியாதி குறையுமா என்பதற்கு வேறொரு தொழில் சாக்ஷி சொல்லுகிறது. வேல்ஸ் நாட்டில் கிளைடாக் என்னுமிடத்தில் நிக்கல் உலோகத்தைச் சுத்தி செய்யும் ஆலையொன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. அங்கு வேலை செய்தவர்களிடம் மூக்குப் புற்றும் சுவாசகோசப் புற்றும் மிகுந்திருப்பது 1930 ஐ ஒட்டிய வருஷங்களில் வெளிப்பட்டது. வேலை முறைகள் திருத்தப்பட்டன. பிற்காலத்தில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 1930 க்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தவர்களே பெரும்பாலும் இதற்கு இரையானவர்கள் என்றும், பின்னால் சேர்ந்தவர்களிடத்தில் மூக்குப் புற்றின் மிகுதி மறைந்து விட்டதென்றும் ஏற்பட்டது. மனிதர் உண்டாக்கிய வியாதி மனிதர் பிரயத்தனத்தால் நீங்கக் கூடியதே.

அறிவது எவ்வாறு

சந்தேகம் தோன்றி விட்டால் நிச்சயிக்கும் வழிகள் இக்காலத்தில் நன்றாக உள்ளன. முதலில், நுனியில் விளக்குள்ள மெல்லிய குழாயை மூக்கினுள் செலுத்தி நேரே பார்க்கிறார்கள். இது சில நிமிஷ வேலை. பிறகு இரண்டு வகைப் படங்கள் தேவையாகின்றன. ஸி.டி. படம் எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் காட்டும். எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் மிருதுவான பாகங்களைக் காட்டும்; அறையில் நிறைந்திருப்பது கட்டியா, அல்லது வழி அடைபட்டதால் தேங்கிய வெறும் சளியா என்பதைப் பிரித்துக் காட்டுவதும், மூளையின் உறையையும் கண்ணையும் வியாதி தொட்டு விட்டதா என்பதைச் சொல்லுவதும் அதுவே. இரண்டும் ஒன்றுக்கொன்று பிரதியாகா.

கடைசித் தீர்ப்பு கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கும் நிபுணருடையது. படம் பிடிக்கும் முன் அவசரப்பட்டுத் துணுக்கு எடுப்பது ஆபத்து. மூக்கில் தெரியும் சதை மூளையின் உறையே கீழிறங்கியதாக இருக்கலாம்; அல்லது தொட்டால் அடங்காத இரத்தம் பெருகும் கட்டியாக இருக்கலாம். இந்தச் சிறிய இடத்தில் தோன்றக் கூடிய புற்றுகளின் வகைகளோ பல. மேல்தோல் அணுப் புற்று, சுரப்பி அணுப் புற்று, நரம்பு வழியே ஊர்ந்து செல்லும் குணமுள்ள ஒரு சுரப்பிப் புற்று, வாசனை நரம்பில் எழுவது, கருமை அணுவில் எழுவது, நிணநீர் அணுவில் எழுவது எனப் பலவாம். பெயரைத் தவறாகச் சொன்னால் வைத்தியமும் தவறி விடும். நிணநீர் அணுப் புற்றுக்குக் கத்தி தேவையில்லை. மருந்தும் கதிரும் போதும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தியே முதல் வைத்தியம். ஆதலால் அனுபவமுள்ள இரண்டாவது நிபுணரிடம் அத்துணுக்கைக் காட்டிக் கேட்பது வீண் செலவாகாது.

புற்றல்லாத வேறு வியாதிகளும் இதே வேஷத்தில் வரும். 2021 இல் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலைக்குப் பின் 'கறுப்புப் பூஞ்சை' என்ற சொல் நம் தேசத்தில் வீட்டுக்கு வீடு பரவியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் இதே அறைகளில் தங்கி, இதே எலும்பை அரித்து, கண்ணையும் மேல்தாடையையும் கொண்டு போயிற்று. அப்பொழுது கன்ன வீக்கமென்றால் உடனே படம் எடுத்துப் பார்க்கும் வழக்கம் சில மாதங்களில் எங்கும் ஏற்பட்டது. அந்தச் சுறுசுறுப்பை நாம் முழுதும் கைவிட்டு விடலாகாது.

சிகிச்சையின் வரலாறு

பிரான்ஸ் தேசத்து லியான் நகரத்தில் 1827 இல் ழான்ஸூல் என்னும் அறுவை வைத்தியர் ஒரு நோயாளியின் மேல்தாடை எலும்பை முழுவதும் எடுத்தார். மயக்க மருந்து அப்பொழுது கிடையாது. அது வர இன்னும் ஏறக்குறைய இருபது வருஷம் இருந்தது. நோயாளி பட்ட பாட்டை நாம் எழுத வேண்டுவதில்லை.

1893 இல் அமெரிக்காவின் ஜனாதிபதி க்ரோவர் கிளீவ்லண்டுக்கு மேலண்ணத்தில் ஒரு புற்று கண்டது. தேசத்தில் அப்பொழுது பணநெருக்கடி. செய்தி வெளிப்பட்டால் பீதி பெருகுமென்று அஞ்சி, ஜூலை மாதம் முதல் தேதி ஓர் உல்லாசக் கப்பலில் வைத்து ரகசியமாக அவருடைய இடது மேல்தாடையின் ஒரு பாகத்தை எடுத்தார்கள். அண்ணத்தில் ஏற்பட்ட துவாரத்தை ரப்பர்த் தகட்டால் மூடிப் பேச்சைச் சரிப்படுத்தினார்கள். அடுத்த மாதமே பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த பத்திரிகையொன்று உண்மையை எழுதிற்று. ஜனாதிபதியின் மனிதர்கள் அதைப் பொய்யென்று மறுத்தார்கள். அறுவையில் உடனிருந்த கீன் என்னும் வைத்தியர் 1917 இல் எழுதிய பிறகே, பத்திரிகை எழுதியது மெய்யென்று உலகத்துக்குத் தெரிந்தது. ஜனாதிபதி அறுவைக்குப் பின் பதினைந்து வருஷம் வாழ்ந்து 1908 இல் காலமானார். சீக்கிரத்தில் கண்டு முழுதும் எடுத்தால் மனிதன் பிழைப்பான் என்பதற்கு அந்தக் காலத்திலேயே இது உதாரணம்.

மூளையை ஒட்டிய கட்டிகளை அக்காலத்தார் தொடவில்லை. முகத்தின் வழியாகவும் மண்டையின் வழியாகவும் ஒருங்கே சென்று, இடையிலுள்ள எலும்பையும் கட்டியையும் ஒன்றாக எடுக்கும் முறை 1954 இல் தொடங்கி, 1963 இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த கெட்சம் குழுவினரால் நிலைபெற்றது. கடந்த முப்பது வருஷங்களாக, தகுதியுள்ள கட்டிகளை முகத்தில் ஒரு கீறலுமின்றி மூக்கின் வழியாகவே விளக்குக் குழாயின் துணையால் எடுக்கும் முறை வளர்ந்திருக்கிறது. எடுத்த பிறகு பெரும்பாலோருக்குக் கதிர் வைத்தியம் தேவை. பழைய நாளில் கதிர் கண்ணையும் சேர்த்தே பொசுக்கும். இப்பொழுது கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை வளைத்துக் கண்ணையும் மூளையையும் கூடுமானவரை காக்கிறார்கள். சிலவகைகளில் மருந்தை முன்னே கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பின்னர் மற்றவற்றைச் செய்கிறார்கள். எடுத்த தாடைக்குப் பதிலாகக் காலெலும்பிலிருந்து ஒரு துண்டை இரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தைப்பதும் உண்டு. அல்லது பழையபடி அண்ணத்துக்குத் தகடு செய்து பொருத்துவதும் உண்டு.

எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து வருஷம் கடந்து வாழ்பவர்கள் ஏறக்குறையப் பாதிப்பேர். ஆரம்ப நிலையில் கண்டவர்களில் பெரும்பான்மையோர் பிழைக்கிறார்கள்; மூளைக்குள் புகுந்தபின் வந்தவர்களில் பிழைப்பவர் சிலரே. இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது, முதல் வைத்தியர் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி.

நம் கடமை யாது

வைத்தியர் நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டுமென்று 1700 ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து ராமஸ்ஸினி என்னும் பேராசிரியர் தொழிலாளர் வியாதிகளைப் பற்றிய தம் நூலில் எழுதினார். முந்நூறு வருஷங்களுக்கு மேலாயிற்று. அந்த ஒரு கேள்வி ஐந்து வைத்தியசாலைகளில் ஓர் ஆசாரியாரிடம் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் பதில் ஒரு சொல். செலவு ஒரு காசுமில்லை.

வக்கீல் தொழிலில் பழகியவர்கள் என்னும் முறையில் மற்றொரு கஷ்டத்தையும் நாம் காண்கிறோம். விஷவாயு பட்டு அன்றே விழுந்தவனுக்கு நியாயஸ்தலத்தில் சாக்ஷி கிடைக்கும். நாற்பது வருஷத்துக்கு முன் சுவாசித்த தூளுக்கு எவர் சாக்ஷி? அந்தப் பட்டறை மூடப்பட்டிருக்கும், முதலாளி காலமாகியிருப்பார், கூலிப் புஸ்தகத்தைக் கரையான் தின்றிருக்கும். 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், வைத்தியர் ஸர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய வியாதிகளோடு 'தொழிலால் வரும் புற்று' என்பதும் பின்னர் இடம் பெற்றது. நல்லதே. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலை என்பது இத்தனை தொழிலாளருக்கு மேல் வேலை செய்யுமிடம் என்று எண்ணிக்கையால் வரையறுக்கப்பட்டது. தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மருமகனும் வேலை செய்யும் ஓலைக் கொட்டகை அந்த எண்ணிக்கைக்குள் வராது. தூளோ எண்ணிக்கை பார்த்து மூக்கில் ஏறுவதில்லை. நம் நாட்டு மரவேலையில் பெரும்பகுதி இத்தகைய கொட்டகைகளிலேயே நடக்கிறது.

ஆதலின் மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம்.

முதலாவது வைத்தியர்களுக்கு. ஒரு பக்க மூக்கடைப்போடு இரத்தமும் வரும் நோயாளி தச்சராகவோ, செருப்புத் தைப்பவராகவோ, மரம் அறுப்பவராகவோ இருந்தால், இரண்டாவது மருந்துச்சீட்டு எழுதுமுன் மூக்கினுள் விளக்கிட்டுப் பாருங்கள். பார்க்க வசதியில்லையேல் உடனே வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். நோயாளியின் குறிப்பில் தொழிலின் பெயரை எழுதுங்கள். 'கூலி' என்று பொதுவாக எழுதாமல், எந்த வேலை, எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். 1954 இல் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியதும், 1982 முதல் சென்னையில் புற்றுநோய்க் கணக்குப் பதியப்பட்டு வருவதும் நமக்குப் பெருமை. நமது தச்சர்களைப் பற்றிய உண்மை ஒரு நாள் கணக்கில் ஏறுவதானால், அது வைத்தியரின் அந்தச் சிறு குறிப்பிலிருந்துதான் ஏற வேண்டும்.

இரண்டாவது பட்டறைக்காரர்களுக்கு. தூள் பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சும் குழாயை யந்திரத்தோடு பொருத்துவதே சிறந்த உபாயம். அதற்கு வழியில்லாதவர்கள் உப்புத்தாள் யந்திரத்தைக் காற்றோட்டமுள்ள வெளியில் வைத்துக் கொள்ளலாம். மாலையில் காற்றடித்துத் தூளைப் பறக்க விடுவதையும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதையும் விட்டு, ஈரப்படுத்திக் கூட்டலாம். மூக்கில் துண்டைக் கட்டிக் கொண்டால் போதுமென்று எண்ணுவது பிழை. துண்டு சுருளையும் பருந்தூளையும் தடுக்கும்; கெடுதல் செய்யும் நுண்தூளுக்கு அது திறந்த கதவு. கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் பழகிய நெருக்கமான முகமூடியே வேண்டும்.

மூன்றாவது, இப்பத்திரிகையை வாசிக்கும் தொண்டர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும். பெரிய ஆலைத் தொழிலாளருக்குச் சங்கமுண்டு, பேச ஆளுண்டு. கொட்டகைத் தச்சருக்கு யார் உளர்? அவர்கள் செய்யும் வேலைக்கு ஒரு பதிவு, வருஷத்துக்கொரு முறை ஒரு பரிசோதனை, அட்டவணை வியாதி கண்டவர்க்கு ருசுச் சுமையில்லாத உபகாரத்தொகை, இம்மூன்றையும் கேட்பது பிச்சையன்று. மற்றொரு தேசத்து நாற்காலித் தச்சர் 1969 இல் பெற்றதையே கேட்கிறோம்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இதை வாசித்து எவரும் நடுங்க வேண்டாம். மூக்கடைத்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் இந்த வியாதி இருப்பது அரிது. தச்சரிலும் மிகப் பெரும்பாலோர் இதைக் காணாமலே முதிர்ந்து மறைவர். அச்சம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

நமது ஆசாரியார் பிழைத்திருக்கிறார். கட்டியை எடுத்தார்கள், அதனுடன் இடது கண்ணையும் எடுக்க வேண்டியதாயிற்று, ஆறு வாரம் கதிர் கொடுத்தார்கள். இது மூன்றாவது வருஷம். சென்ற மாதம் அலமாரியின் கதவொன்று இறங்கி விட்டதென்று சொல்லி அனுப்பினோம். பேரன் கைபிடித்து வந்தார். பலகையைத் தூக்கி வலது கண்ணுக்கு நேராகப் பிடித்து ஓரத்தின் நேர் பார்த்தார். "வக்கீலய்யா, முன்னெல்லாம் நேர் பார்க்க ஒரு கண்ணை மூட வேண்டும், இப்போது அந்த வேலை மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பேரனுக்குப் பதினாறு வயது; பட்டறையில் உப்புத்தாள் யந்திரம் பிடிக்கிறான். மூக்கில் ஒரு துண்டு கட்டியிருந்தான். நல்ல முகமூடி ஒரு பெட்டி வாங்கி அவன் கையில் கொடுத்தனுப்பினோம். அது ஒரு பட்டறைக்கு, ஒரு மாதத்துக்குத்தான் வரும். மற்றப் பட்டறைகளுக்கும், அடுத்த நாற்பது வருஷத்துக்கும் வழி தேட வேண்டியவர்கள் நாம் எல்லோருமே.